தோள்வலிக்குக் காலில் ஊசி

நவம்பர் 4, திங்கள்

இன்று சட்டை போடச் சொர்ணம் வர வேண்டியதாயிற்று. வலது கை தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. பின்னால் கொண்டுபோனால் உயிர் போகிறது. அவள் கையை நுழைத்துவிட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டு, "பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு, பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். இந்த அறுபத்தேழு வயதில் பெண்டாட்டியிடம் இந்தக் கேலி எனக்குத் தேவையா?

எலும்பு டாக்டரிடம் போனோம். "தோள் மூட்டு இறுகிப்போச்சு சார். தானா இளகும். ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்" என்றார். வலி மாத்திரை கேட்டேன். என் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரண்டு வருஷமாக ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியுமாம். கையை அசைக்கும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு வருஷமெல்லாம் எனக்குத் தாங்காது. பொங்கலுக்கு என் பழைய ஆட்டக் கூட்டாளி தனுஷ்கோடி வருகிறான்.

நவம்பர் 5, செவ்வாய்

மறுபடி பினாங்கிலிருந்து தனுஷ்கோடி போன். அவன் தன் மகன் வீட்டோடு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, குரல் மட்டும் பாளையங்கோட்டையை விட்டுப் போகவில்லை.

"வே ஆவுடை, காணும் பொங்கலுக்குப் பழைய ஆட்டக்காரங்க மேட்ச் வச்சிருக்கானுவளாம். நம்ம ரெண்டு பேரயும் எறங்கச் சொல்லுதானுவ. மட்டைக்கு நரம்பு கட்டி வையும்வே."

"ஒமக்கு ஓட முடியுமாவே?"

"நான் தெனமும் காலைல மூணு மைலு ஓடுதேன். ஒம்ம சேதியச் சொல்லும்."

தோளைப் பற்றி நான் சொல்லவில்லை. "நமக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் பூப்பந்து தெரியாமலிருக்கலாம். இறகுப்பந்து வேறு, இது வேறு. மஞ்சள் கம்பளிப் பந்து, மண் தரை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் பஞ்சு மில் அணியில் முன்னால் கந்தையாவும் இப்ராகிமும், நடுவில் மரியதாஸ், பின்னால் நானும் தனுஷ்கோடியும். நான் டைம் ஆபீஸ் கிளார்க், மற்ற நால்வரும் நூற்புப் பிரிவு. பகல் ஷிப்ட் முடிந்ததும் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே மைதானத்துக்கு ஓடிவருவார்கள். மரியதாஸ் அதற்குள் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருப்பான். உயரமாக வரும் பந்தை அவன் குனிந்து எனக்கு விடுவான். என் கை தலைக்கு மேலே போகும். அடி இறங்கும்போது எதிராளி கையெடுத்துக் கும்பிட்டதுகூட உண்டு. விருதுநகர், ராஜபாளையம்வரை 'மில்லுக்காரன் அடி' என்றால் நான்தான்.

கந்தையாவும் இப்ராகிமும் கண்ணை மூடிப் பல வருஷமாகிவிட்டது. மரியதாஸ் போன தை மாதம் போனான். எனக்கு அந்த ஐந்து பேரும் ஒருமுறை திரும்ப வேண்டும். அது நடக்காது. இரண்டு பேராவது நிற்க வேண்டும், ஒரு பந்தையாவது தலைக்கு மேலே கை தூக்கி அடிக்க வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

நாடார் கடையில் சொன்னார்கள், மேட்டுத் தெருவில் ஊசி குத்தி அக்குபங்சர் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா இருக்கிறார் என்று. முறைப்படி ஐந்தரை வருஷம் இயற்கை மருத்துவம் படித்தவராம், பெயர் ஹெப்சிபா. கடைக்காரருக்கு முதுகுவலி அங்கேதான் குறைந்ததாம். போய்த் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கி வந்தேன்.

உள்ளே சுவரில் ஒரு பலகை. வெறும் வயிற்றில் வரக்கூடாது. கர்ப்பிணிகள், இதயத்துக்குள் கருவி வைத்தவர்கள், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தெரிவித்தால் என்ன ஆகும்? ஊசி போடமாட்டேன் என்பார். போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது அதுதான் நடந்தது. மாத்திரையைச் சொன்னதும் பல் டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இதய டாக்டரே இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி, அப்புறம்தான் பல் வந்தது.

வழி இருக்கிறது. பல்லைப் பிடுங்கவே நிறுத்தலாம் என்றால் முடி போல மெல்லிய ஊசிக்கு நிறுத்தினால் என்ன? நிறுத்திவிட்டால் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று கேட்கும்போது இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

சொர்ணம் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரைகளை ஒரு மூடியில் வைத்துத் தருவாள். அந்த ஒன்றை மட்டும் நாக்குக்கடியில் ஒதுக்கிக் கை கழுவும்போது துப்பிவிட்டேன். வீட்டில் அவல் உப்புமா. நன்றாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

முதல் ஊசி.

ஹெப்சிபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, சிரித்த முகம், கேள்விக்குமேல் கேள்வி. மூன்று விரலால் நாடி பிடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"நாடி தாறுமாறா இருக்கே சார்?"

"அது ரெண்டு வருஷமாவே அப்படித்தாம்மா. இதய டாக்டருக்குத் தெரியும்."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எழுதியிருப்பாரே?"

"இப்போ எடுக்கல."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"அவருதான் நிறுத்தச் சொன்னாரு."

சொன்னது பல்லுக்காக, போன வருஷம். அவர் எப்போது என்று கேட்கவில்லையே! "அடுத்த தடவ அவரு எழுதிக் குடுத்த சீட்ட எடுத்துட்டு வாங்க, நான் பாக்கணும்" என்றார். சரி என்றேன்.

ஊசி உறைகளை என் கண் முன்னால்தான் பிரித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் சார், அப்புறம் குப்பைக்கு. எங்க போனாலும் உறை பிரிக்கிறதப் பாத்துட்டு ஊசி வாங்குங்க." மருந்து எதுவும் இல்லாத வெறும் ஊசி. தோளைச் சுற்றி மூன்று. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. கொஞ்சம் திருகியதும் உள்ளுக்குள் கனமாக, மந்தமாக ஒரு இழுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். சுரீரென்று வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டுமாம்.

அப்புறம் வேட்டியை விலக்கச் சொல்லி முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தார்.

"வலி தோள்லம்மா."

"தெரியும் சார். இத வச்சுக்கிட்டே கையத் தூக்குங்க பாப்போம்."

நூற்பில் நூல் அறுந்தால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு மெமோ கொடுக்கிற எங்கள் பழைய மேனேஜர் நினைவு வந்தார். சிரித்துக்கொண்டே தூக்கினேன். நேற்றைவிட நான்கு விரல் கூடுதலாக எழும்பியது. சிரிப்பு நின்றுவிட்டது.

நவம்பர் 13, புதன்

டாக்டரம்மா சீட்டைக் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

படுத்திருக்கும்போது இன்று கேட்டேவிட்டேன், இந்த ஊசி எப்படித்தான் வேலை செய்கிறது என்று.

"சீனாவுல இத உண்டாக்கினவங்க, உடம்புல சக்தி ஓடுற பாதைகள் இருக்கு, அடைப்ப ஊசி தெறக்குதுன்னு சொன்னாங்க. உடம்ப அறுத்துப் பாத்த யாரும் அந்தப் பாதையக் கண்டுபிடிக்கல. தோலுக்கடியில இருக்கிற நரம்ப ஊசி தூண்டுது, மூளை தானே வலியக் குறைக்கிற பொருளச் சுரக்குது, இறுகின தசை கொஞ்சம் தளருதுன்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. முழுசும் தெரிஞ்சுபோச்சுன்னு நான் சொல்லமாட்டேன். சில ஆராய்ச்சில சும்மா குத்துற மாதிரி பாவனை பண்ணினப்பவும் நோயாளிக்கு வலி குறைஞ்சிருக்கு."

"அப்போ என் கை எழும்புதது?"

"வலி கொறஞ்சிருக்கு. அந்த நேரத்துல வீட்டுல பயிற்சி செய்றீங்கள்ல, கைய எழுப்புறது அதுதான். நான் கதவத் தெறந்து விடுறேன், நடந்து போறது நீங்க. இது சர்க்கரைக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, இதயத்துக்கோ மருந்து இல்ல சார். அந்த மாத்திரை எல்லாம் அது பாட்டுக்கு இருக்கணும். ஊசி போட்டுக்கிட்டா மாத்திரையே வேண்டாம்னு யாராச்சும் சொன்னா அந்த எடத்துல உக்காராதீங்க. ஆமா, அந்தச் சீட்டு?"

பீரோ சாவி மகளிடம் இருக்கிறது என்றேன். மகள் மதுரையில் இருக்கிறாள். பீரோவுக்குப் பூட்டே கிடையாது.

நவம்பர் 25, திங்கள்

மேல்தட்டில் இருந்த ஊறுகாய் ஜாடியை நானே எடுத்தேன்! சொர்ணம் கையைத் தட்டினாள். "அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு மொழம் பூ வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

மட்டையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். பந்து இல்லாமல் காற்றில் நான்கு அடி. தோள் முனகியது, ஆனால் கை மேலே போனது. மாலை வெயிலில் என் நிழலும் கை தூக்கியது. பின்னால் யாரோ "நல்லாருக்குவே" என்று சொன்ன மாதிரி இருந்தது. மரியதாஸ் அப்படித்தான் சொல்வான், எச்சிலை விழுங்கிக்கொண்டு, கஞ்சத்தனமாக. எனக்கு அவன் ஞாபகம் தாங்க முடியவில்லை. மட்டையை வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன்.

நவம்பர் 27, புதன்

காலையில் இடது கையில் பிடித்திருந்த காப்பி டம்ளர் நழுவி விழுந்தது. விரல் மரத்துப்போன மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வலது தோளைக் காப்பாற்றுவதற்காக இடது பக்கமே ஒருக்களித்துப் படுக்கிறேன் அல்லவா, அதுதான்.

நவம்பர் 30, சனி

மட்டைக்குப் புது நரம்பு கட்டியாயிற்று. மாத்திரை இல்லாமலே உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

தனுஷ்கோடி டிக்கெட் எடுத்துவிட்டான். போனில் பேசும்போது "என்னவே நாக்கு கொழறுது, ஊத்தியிருக்கீரா?" என்று கேட்டான். தூக்கக் கலக்கம் என்றேன். சாயங்காலம் ஐந்து மணி.

சொர்ணம் சாப்பாட்டில் பாதியில் என்னையே பார்த்தாள். "இடது பக்கம் வாயோரம் சோறு ஒட்டியிருக்கு, தெரியலயா ஒங்களுக்கு?" துடைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தால் மனுஷன் எப்படிச் சாப்பிடுவது?

டிசம்பர் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். நான் எழுதுவது வலது கையால் என்பது ஒரு அதிர்ஷ்டம்.

புதன்கிழமை வழக்கம்போல ஹெப்சிபாவிடம் போனேன். சொர்ணமும் கூட வந்தாள். எத்தனை மறுத்தும் கேட்கவில்லை. ஊசிக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்வது டாக்டரம்மாவின் வழக்கம், வலது எவ்வளவு முன்னேறியது என்று இடதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். தூக்கினேன். வலது கை காதுவரைக்கும் போயிற்று. "பாத்தீங்களாம்மா!" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வலது கையைப் பார்க்கவே இல்லை.

"சார், கண்ண மூடிக்கிட்டு அப்படியே வச்சிருங்க."

வைத்திருந்ததாகத்தான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது நல்ல கை, நோயே இல்லாத இடது கை, இடுப்புக்கு இறங்கிக் கிடந்தது. இறங்கியதே எனக்குத் தெரியவில்லை.

"சிரிங்க சார்." சிரித்தேன். வாய் வலது பக்கம் மட்டும்தான் விரிந்ததாம், சொர்ணம் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசி இல்ல சார் இன்னைக்கு. எந்திரிங்க." அவருடைய காரில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "அந்த மாத்திரைய நெசமாவே டாக்டரா நிறுத்தினாரு?"

என் நாக்கு குழறியதால் பதில் சொல்லவில்லை என்று எழுத ஆசை. நாக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நிறுத்தினேன் என்றேன்.

இதயத்தில் உறைந்த ரத்தத் துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது. சின்னதுதான், நேரத்தோடு வந்ததால் தப்பித்தேன் என்றார்கள். முந்தின வாரம் டம்ளர் விழுந்ததும் அதுவேதானாம். இடது கைப் பிடி இன்னும் முழுசாக வரவில்லை. மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று ஸ்கேன் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

சொர்ணம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சி ஊட்டினாள், முதுகு துடைத்துவிட்டாள், பேசவில்லை. நேற்று ராத்திரி நர்ஸ் போனபிறகு சொன்னாள்.

"மூணு பேரு போயிட்டாவ, மூணு பேரு போயிட்டாவன்னு பொலம்புவியள்ல. நாலாவதாப் போகப் பாத்திய. வீட்டுல ஒருத்தி இருக்காங்கது எப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சா?"



டிசம்பர் 10, செவ்வாய்

ஹெப்சிபா பார்க்க வந்தார். பலகையில் எழுதியிருந்ததைச் சொன்னேன், பல் கதையைச் சொன்னேன், ஊசி போடமாட்டீர்கள் என்று பயந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போடமாட்டேன்னு எங்க சார் எழுதியிருக்கேன்? தெரிவிக்கத்தானே சொன்னேன். அந்த மாத்திரை சாப்பிடுறவங்க எங்கிட்ட எத்தனையோ பேரு வர்றாங்க. இன்னும் மெல்லிசா ஊசி எடுப்பேன், ஆழமாப் போகமாட்டேன், எடுத்ததும் பஞ்ச வச்சுக் கூடக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பேன். ரெண்டு எடத்துல நீலம் பாய்ஞ்சாலும் பாயும். அவ்வளவுதான் சார்."

அவ்வளவுதான். பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பது. அதற்குத்தான் நான் உயிரை வைத்து ஆடியிருக்கிறேன்.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றார். "நாடியப் பாத்த அன்னைக்கே உங்க டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கணும். சீட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேனே தவிர, வராம ஊசி போடமாட்டேன்னு சொல்லல. இனி சொல்வேன்."

சொர்ணம் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

ஜனவரி 6, திங்கள்

இதய டாக்டர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு மறுபடி ஊசி. பஞ்சை அமுக்கிப் பிடித்தது சொர்ணம். கொஞ்சம் அதிகமாகவே அமுக்கினாள்.

ஆட்டம் கிடையாது என்று இரண்டு டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மைல் ஓடுகிற மனிதன்.

ஜனவரி 13, திங்கள்

தனுஷ்கோடி வந்தான். வாசலில் ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, அப்புறம் அவன் இறங்கினான். இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால்!

"மூணு மைலு ஓடுதேன்னீரே!"

"சொல்லாட்டா நீரு ஆட்டத்துக்கு ஒத்துக்குவீராவே? ஒத்துக்கிட்டாத்தான எனக்கு டிக்கெட்டு எடுக்க மகன்ட்ட ஒரு சாக்கு."

பொய்க்காரப் பயல். இருவரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. மூலையில் நரம்பு கட்டிய மட்டை சாய்ந்திருந்தது. என் கதையைச் சொல்லி முடித்ததும் அவன் அதை எடுத்து நரம்பை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வைத்தான்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

நானும் தனுஷ்கோடியும் சொர்ணமும் மைதானத்துக்குப் போனோம். எங்களுக்கு நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தினார்கள். மைக்கில் யாரோ என் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். பழைய ஆட்டக்காரர் மேட்சில் ஆடியவர்களுக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. பரவாயில்லை, நன்றாகத்தான் ஆடினார்கள்.

சொர்ணம் இந்த மைதானத்துக்கு வந்தது இதுதான் முதல்முறை. எனக்கே அது இன்றுதான் உறைத்தது. "இத்தன வருஷமும் தெனம் இந்த மண்ணத்தான் ஒங்க துணியிலேருந்து தொவைச்சேன்" என்றாள். குனிந்து ஒரு கை மண்ணை எடுத்துப் பார்த்தாள்.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. வலையை இன்னும் அவிழ்க்கவில்லை. வெயில் தாழ்ந்து மண் சிவந்திருந்தது. வீட்டுக்குக் கிளம்ப எழுந்தோம்.

"ஏங்க, நீங்க எங்க நிப்பிய?" என்று கேட்டாள்.

நான் கோட்டுக்குள் போய்ப் பின்பக்க வலது மூலையில் நின்று காட்டினேன். தனுஷ்கோடியும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து இடது மூலையில் நின்றான். எங்களுக்கு முன்னால் வலைவரைக்கும் வெறும் மண். அந்த வெறுமையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இதற்காகவா இரண்டு மாதம் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன் என்று தோன்றியது.

சொர்ணம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோட்டைத் தாண்டி வந்து நடுவில் நின்றாள்.

"இங்கன யாரு நிப்பா?"

"மரியதாஸ்" என்றேன்.

விலகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் காலை அகட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வலையைப் பார்த்தபடி நின்றாள்.

"சரி. இன்னைக்கு நான் நிக்கேன்."

தனுஷ்கோடி அழுதுவிட்டான். நான் அழவில்லை என்று இங்கே எழுதி வைக்கலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அழுதேன்.